சின்னவரின் வெள்ளிக்கிழமை விரதம்

தம்பியின் மகள், எங்கள் மருமகள், கொழும்புக்கு வேலைக்குப் போனபோது, தான் வளர்த்த கினிப்பன்றியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்த அறையில் பிராணி எதுவும் வைத்திருக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அக்கா வீட்டிலிருந்தே சட்டை தைக்கிறார். நான் துறைமுகத்தடியில் ஒரு களஞ்சியத்தில் இருப்புப் பார்க்கிறேன். எதையும் அதற்குரிய இடத்தில் வைத்து, நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வேலையால் வந்ததா, அந்தப் பழக்கத்தால் அந்த வேலை வந்ததா என்று தெரியாது.

கினிப்பன்றி என்றால் பன்றி இல்லை. எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பேக்கரியில் விற்கும் அரை இறாத்தல் பாண் அளவு இருக்கும். வால் கிடையாது. எங்களிடம் வந்தது முன்பாதி வெள்ளை, பின்பாதி கபிலம். இடது காதின் நுனி இல்லை. குட்டியாக இருந்தபோது கூட இருந்த இன்னொன்று கடித்துவிட்டதாம். அதிலிருந்து தனியாகத்தான் வளர்கிறது. அதனால்தானோ என்னவோ, யாரைக் கண்டாலும் ஒளித்துக்கொள்ளும்.

ஓட்டோ வாசலில் நிற்க, மருமகள் போகும்போது ஒரு நிபந்தனை சொன்னாள்.

"சின்னமாமி, நான் லீவில வரேக்க பாப்பன். அவர் இஞ்ச சந்தோசமா இல்லையெண்டால் உப்புவெளியில என்ர சிநேகிதியிட்டைக் குடுத்திடுவன். அவள் ஏற்கெனவே நாலு வளக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். குறை நினைக்கக் கூடாது."

"நாங்கள் ஏன் குறை நினைக்கிறம்? நீ போட்டு வா," என்றார் அக்கா. ஓட்டோ திரும்பிப் போன பிறகு என்னைப் பார்த்து, "நாலு வளத்தால் எல்லாம் தெரியுமாமோ," என்றார்.

முதல் கிழமை முடிவதற்குள் அக்கா அதற்குச் சின்னவர் என்று பேர் வைத்துவிட்டார். "சின்னவர் சாப்பிட்டாரோ? சின்னவருக்கு வேர்க்குதோ?" என்று, ஏதோ மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கியிருப்பதுபோல விசாரிப்பு. நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

அவர் சந்தோசமாக இருக்கிறாரா என்பதை எப்படி அறிவது என்பதுதான் எங்கள் கவலை. நாய் என்றால் வாலை ஆட்டும். இவருக்கு ஆட்ட வால் இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. எப்போதும் யாரோ ஏதோ சொல்லிவிட்டுப் போனதை யோசித்துக்கொண்டிருப்பவர்போல ஒரு முகம். அக்காவின் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: வைத்ததைச் சாப்பிட்டால் சந்தோசம், சாப்பிடாவிட்டால் துக்கம். எங்கள் வீட்டில் மனிதருக்கும் அதுதான் அளவுகோலாக இருந்து வந்திருக்கிறது.

காலையில் சந்தையில் கங்குன் கீரை, வல்லாரை, அறுகம்புல் என்று கட்டுக் கட்டாக வாங்கினேன். கிண்ணியாவிலிருந்து வந்து மரக்கறி விற்கும் முஸ்லிம் ஒருவர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னக்கா, வீட்டுல ரெண்டு பேர்தானே. ஆடு ஏதும் வாங்கிட்டீங்களா?"

"ஆடு இல்லைத் தம்பி. கினிப்பன்றி ஒண்டு."

"பன்றியா?" என்று கையை இழுத்துக்கொண்டார். நான் விளக்கிச் சொன்ன பிறகு சிரித்து, இன்னொரு கட்டு வல்லாரையை இலவசமாக வைத்தார். "நல்லாத் தின்னட்டும். பேரை மட்டும் மாத்துங்க."

ஒரு மாதத்தில் சின்னவர் முதல்முறையாகக் குரல் கொடுத்தார். நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தபோது கூட்டுக்குள்ளிருந்து விசில் அடித்ததுபோல நீளமாக ஒரு சத்தம். அக்கா தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்தார். அதன்பின் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவர் ஒன்றும் எடுக்காமல் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

"பாத்தியே, என்னைக் கூப்பிடுறார்."

"உங்களை இல்லை அக்கா, கங்குனைக் கூப்பிடுறார். கரண்ட் பில் வரட்டும், அப்ப விளங்கும்."

"உனக்கு எரிச்சல். உன்னைக் கூப்பிடேல்ல."

எரிச்சல் கொஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. அந்தச் சத்தம் சாப்பாடு வரப்போகிறது என்ற சந்தோசம். மருமகள் கேட்டது அதையல்ல. எங்களோடு இந்த வீட்டில் இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறதா என்பதை. கங்குன் உப்புவெளியிலும் கிடைக்கும்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் வீடு அடுப்புப்போலக் கொதித்தது. இந்தப் பிராணிகளுக்குச் சூடு ஆகாது என்று மருமகள் சொல்லியிருந்தாள். வீட்டிலே ஆகக் குளிர்ச்சியான இடம் சாமியறைக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய நடை. சீமெந்துத் தரை, வெயில் எட்டாது. கூட்டை அங்கே மாற்றினோம். மற்ற நாட்களில் அவருக்கு அந்த இடம் பிடித்திருந்ததாகவே தெரிந்தது. கவிழ்த்து வைத்த மண்சட்டியின் உடைந்த வாய்க்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு இருப்பார். நாங்கள் நடந்து போனால் உள்ளே இழுத்துக்கொள்வார், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப நீட்டுவார்.

வெள்ளிக்கிழமைகளில்தான் வேறு மாதிரி இருந்தார்.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். பின்னேரம் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, தேவாரம் பாடி, சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டுத் தூபக்காலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் புகை காட்டுவார். தையல் மெஷினுக்கும் காட்டுவார், என் புத்தக அலுமாரிக்கும் காட்டுவார். கூடு சாமியறைக்கு முன்னால் வந்த பிறகு சின்னவருக்கும் காட்டினார். அந்த நேரம் சின்னவர் கூட்டின் மூலையில், முன்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, அசையாமல் இருப்பார். கண் நன்றாகத் திறந்திருக்கும். வைத்த கீரையைத் தொடமாட்டார். விடியும் வரை அது வாடிப்போய்க் கிடக்கும்.

இரண்டு மூன்று வெள்ளி இப்படியே போன பிறகு அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, யாருக்கும் கேட்கக் கூடாததைச் சொல்பவர்போலச் சொன்னார்.

"நீ கவனிச்சனியோ? சின்னவர் வெள்ளிக்கிழமை பிடிக்கிறார்."

"என்ன பிடிக்கிறார்?"

"விரதமடி. பச்சைத்தண்ணி பல்லில படேல்ல. கும்பிடுற மாதிரிக் கையைச் சேத்து வைச்சுக்கொண்டு இருக்கிறார், பார்."

நான் போய்ப் பார்த்தேன். உண்மையில் அப்படித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது. இந்த வீட்டின் நடைமுறைக்கு அவர் ஒத்துப்போய்விட்டார். எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? அந்த இரவு நானும் என் நாட்குறிப்பில், சின்னவரும் விரதம் என்று எழுதினேன்.

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் வெள்ளிக்கிழமை பார்த்து வந்தார்கள். அளவெடுத்து முடிந்ததும் அக்கா அவர்களை நடைக்குக் கூட்டிக்கொண்டு போய், சத்தம் போடாமல் எட்டிப் பார்க்கச் சொல்வார். "என்ன சாது," என்று எல்லோரும் சொன்னார்கள். தொலைபேசியில் மருமகளுக்கும் சொன்னார்.

"பெரியமாமி, அவரையும் சைவமாக்கிப் போட்டீங்கள்," என்று அவள் சிரித்தாள்.

"அவர் பிறப்பிலேயே சைவம் பிள்ளை. மரக்கறியைத் தவிர வேறை என்னத்தைத் தொட்டவர்?"

அந்தக் கதை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. லீவுக்கு வரும்போது தானும் பார்க்க வேண்டும் என்றாள். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, "இனி உப்புவெளிக் கதை எடுக்கமாட்டாள்," என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு பூனையால். களஞ்சியத்துக்குப் போகாத ஒரு நாள், மத்தியானம். பக்கத்து வீட்டுச் செம்பட்டைப் பூனை எங்கள் நடை யன்னலில் ஏறி, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னவர் மூலையில் இருந்தார். முன்கால் இரண்டும் சேர்த்து. கழுத்து உள்ளே இழுத்து. கண் முழு வட்டமாகத் திறந்து. எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும் மூக்குக்கூட நின்றிருந்தது. நான் பூனையை விரட்டினேன். பூனை போய் வெகுநேரத்துக்குப் பிறகும் சின்னவர் அப்படியே இருந்தார். நான் வைத்த கொய்யாத் தோலையும் தொடவில்லை.

அந்த இருப்பை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அதுதான் எங்கள் வெள்ளிக்கிழமை.

அன்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது விரதம் இல்லைப் போலக் கிடக்கு. புகைக்குப் பயப்பிடுறார் எண்டு நினைக்கிறன். பூனையைக் கண்டவுடனயும் இதே மாதிரித்தான் இருந்தவர்."

"சாமிக்குக் காட்டுற சாம்பிராணி அவருக்கு ஆகாதெண்டு ஆர் சொன்னது? பூனையோ சொன்னது?"

"இந்த வெள்ளி மட்டும் கூட்டை வேறை இடத்தில வைச்சுப் பாப்பம்."

"எத்தினை சனம் வந்து பாத்திட்டுப் போகுது. ஒருத்தருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரியுதோ? நீ களஞ்சியத்தில மூட்டை எண்ணுற மாதிரி எல்லாத்தையும் எண்ணாத. சில விசயம் அப்பிடித்தான்."

எனக்கும் நிச்சயம் இல்லை. வெக்கையாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஊதுவதும் உண்டு. அதுவாகவும் இருக்கலாம். அடுத்த வெள்ளியும் புகை காட்டப்பட்டது. அடுத்த நாள் காலையில் வாடிய கீரையை நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

அதற்கிடையில் மூதூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஒன்றுவிட்ட அண்ணா காலமானார். நீண்ட காலம் படுக்கையில் இருந்தவர். போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தோம். எங்களுக்குச் சாவுத் துடக்கு என்பதால் வீட்டில் விளக்கேற்றவில்லை. சாமியறைக் கதவு சாத்தியிருந்தது. சாம்பிராணியும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்கா விளக்கேற்றும் நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நடையில் தரையில் உட்கார்ந்து கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச ஓடி வா. சின்னவருக்கு வலிப்பு வருது."

ஓடிப் போனேன். கீரை முழுக்க முடிந்திருந்தது. சின்னவர் கூட்டின் நடுவில் நின்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளுத் துள்ளினார். அந்தரத்தில் அரைவாசி திரும்பி, பின்பக்கத்தை ஒரு உதறு உதறி விழுந்தார். விழுந்த வேகத்தில் ஒரு சுற்று ஓடினார். திரும்பவும் துள்ளினார். சோளப்பொரி சட்டியில் வெடிப்பதுபோல.

"தண்ணி தெளிக்கட்டோ? சாவிக்கொத்து ஒண்டைக் கையில குடுக்கட்டோ?" அக்கா எழும்பிவிட்டார்.

"இருங்கோ அக்கா. அது வலிப்பு இல்லை." இந்தப் பிராணிகள் சந்தோசம் வந்தால் இப்படித் துள்ளும் என்று தொலைபேசியில் ஒரு காட்சி பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் அது ஒருநாளும் நடக்காததால், பார்த்ததை அக்காவுக்குச் சொல்லவும் இல்லை. இப்போது சொன்னேன்.

அக்கா திரும்ப உட்கார்ந்தார். சின்னவர் இன்னொரு முறை துள்ளினார், பிறகு வெட்கப்பட்டவர்போலச் சட்டிக்குள் போய்விட்டார். உள்ளிருந்து கொறிக்கும் சத்தம் கேட்டது.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் அக்கா.

"ஓம்."

"அப்ப விரதம் இல்லையோ?"

அவர் மடியில் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவரைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வரும் ஒரு சிறு பெருமிதம், இத்தனை வருடத்தில் வேறு எதற்காகவும் நான் கண்டதில்லை. அது அந்த இடத்தில் இல்லாமல் போனது. மூட்டை எண்ணியது நான்தான் என்றாலும், கணக்குச் சரிவந்ததில் எனக்குச் சந்தோசம் இருக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது அக்கா தானாகவே சொன்னார். "பயந்து ஒடுங்கிப்போய் இருந்த சீவனை நான் கும்பிடுறார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறன். ஊர்ச்சனத்தையும் கூப்பிட்டெல்லே காட்டினனான்."

"நானுந்தானே நம்பினனான்."

"நீ பேந்தாவது கண்டுபிடிச்சனி." கொஞ்சம் பொறுத்து, "பூனையின்ர உதவியோட," என்றார்.

துடக்குக் கழிந்த பிறகு வந்த முதல் வெள்ளி, நான் வேலையால் வரும்போது கூடு நடையில் இல்லை. அக்கா அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில், தையல் மெஷினுக்கு அருகில் வைத்து, யன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் பழைய சீலைத்துண்டொன்றை அடைத்திருந்தார். அதன் பிறகுதான் தணல் மூட்டியிருந்தார். புகை எல்லா அறைக்கும் போனது, அந்த அறையைத் தவிர. பிறகு கூடு அந்த அறையிலேயே இருந்துவிட்டது. சட்டை கொடுக்க வந்த ஒருவர் விரதக்காரரைக் கேட்டதற்கு, "அவர் இப்ப விரதத்தை விட்டிட்டார்," என்று மட்டும் சொன்னார்.

மருமகள் லீவில் வந்தாள். கையில் காற்றுத்துளை போட்ட ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. அதைக் கண்டதும் அக்கா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டார்.

மருமகள் நேரே பின்னறைக்குப் போய், கூட்டுக்குள் கையை விட்டு, சட்டியை நிமிர்த்தி, சின்னவரைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சின்னவர் அசையவில்லை. அவளுடைய சட்டைக் கழுத்தடியில், முன்கால்களைச் சேர்த்து வைத்து, அப்படியே இருந்தார்.

"பாத்தீங்களே சின்னமாமி," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "என்னை மறக்கேல்ல. உங்களைக் கண்டால் ஒளிக்கிறார் எண்டு சொன்னீங்கள். என்னட்டை எண்டால் இப்பிடித்தான், ஆடாமல் அசையாமல் மணிக்கணக்கில இருப்பார். உப்புவெளிக்குக் கொண்டுபோறதுதான் நல்லதெண்டு நினைக்கிறன். அவளுக்கு இதுகளைத் தூக்கி வைச்சிருக்கப் பொறுமை இருக்கு."

நான் சின்னவரின் மூக்கைப் பார்த்தேன். அது நின்றிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், அவள் இத்தனை காலம் அன்பு என்று நெஞ்சில் வைத்திருந்ததை அவளிடமிருந்து பறித்ததாக ஆகும். சொல்லாவிட்டால் சின்னவர் அந்தப் பெட்டிக்குள் போவார். தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்ற அக்காதான் பேசினார்.

"கீழ விடு பிள்ளை."

"ஏன் பெரியமாமி? நல்லாத்தானே இருக்கிறார்."

"பயந்துபோய் இருக்கிறார். மூக்கைப் பார், துடிக்கேல்ல. அந்த விரதக் கதையும் இதுதான். எனக்குத் தெரியாமல் கன வெள்ளிக்கிழமை நான் அவரைப் புகைக்குள்ள வைச்சிருந்தனான். நீயும் தெரியாமல்தான் செய்யிறாய். விடு."

மருமகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையில் விட்டாள். சின்னவர் சுவரோரமாக ஓடி மெஷினின் மிதிபலகைக்குக் கீழே புகுந்தார்.

"அப்ப என்னோட இருக்கேக்க ஒருநாளும் சந்தோசமா இருக்கேல்லையோ?"

"ஆர் அப்பிடிச் சொன்னது? உன்னோடையும் துள்ளியிருப்பார். நீ தூக்காத நேரத்தில."

அவள் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டாள். பாதி குடித்த பிறகு, "நான் நிலத்தில இருந்து படிக்கேக்க என்ர காலைச் சுத்திச் சுத்தி ஓடுவார்," என்றாள். "குதிப்பார். படிக்க விடாமல் குழப்படி செய்யிறார் எண்டு பிடிச்சுக் கூட்டில போட்டிடுவன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் வலிப்பெண்டெல்லே தண்ணி தெளிக்கப் போனனான்."

அடுத்த நாள் காலை கூட்டின் கதவைத் திறந்துவிட்டு மூன்று பேரும் பின்னறைத் தரையில் உட்கார்ந்தோம். அக்கா பொத்தான் தைத்தார். நான் கொய்யாத் தோலைச் சீவினேன். மருமகள் சுவரில் சாய்ந்து, கையை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சின்னவர் வெளியே வந்தார். சீமெந்தை மணந்து மணந்து, அவளுடைய காலை ஒரு சுற்றுச் சுற்றி, கொய்யாத் தோலை இழுத்துக்கொண்டு போய் மெஷின் நிழலில் வைத்துத் தின்றார். தின்று முடிந்ததும் பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால் ஒன்றை நன்றாக நீட்டி, அங்கேயே படுத்துவிட்டார். மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அவர் திறந்த வெளியில் படுத்ததை நாங்களும் அன்றுதான் கண்டோம்.

மருமகளின் கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. பிறகு திரும்பவும் மடிக்குள் போயிற்று.

"சின்னமாமி, இது சந்தோசமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்பிடித்தான் நினைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்புவெளியில சிநேகிதி பாத்துக்கொண்டிருப்பாள். கொண்டுவரேல்ல எண்டு போன் எடுத்துச் சொல்லட்டோ?"

அக்கா உதட்டில் விரலை வைத்தார். மருமகள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, சின்னவர் எழும்பாதபடி சுவரோரமாக நடந்து, கிணற்றடிக்குப் போய்த்தான் பேசினாள்.